மூன்று வயதில் முதல் பரீட்சை

நர்சரி இடத்துக்காகப் பெற்றோர் ஓடுகிறார்கள், அளக்கிறார்கள், கூட்டிக் கழிக்கிறார்கள். அந்த வகுப்பறைக்குள் குழந்தைக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு

தில்லியில் பனிமூட்டமும் கல்யாண ஊர்வலங்களும் கைகோத்து வரும் நேரத்தில் இன்னொரு சீசனும் தொடங்கிவிடுகிறது: நர்சரி அட்மிஷன் சீசன். நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ விண்ணப்பங்கள் வந்ததும் மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் ஆர்.கே. புரத்திலும் மாலை நேரப் பேச்சு மாறிவிடும். யார் பிள்ளைக்கு எத்தனை பாயிண்ட்? வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே எவ்வளவு தூரம்? கோயில் வாசலில் சந்திக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. இடம் கிடைப்பதற்காகவே வாடகை வீட்டை மாற்றியவர்கள் உண்டு. பத்து பதினைந்து பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு ஜனவரி மாதப் பட்டியலுக்காகக் காத்திருப்பது இங்கே சாதாரணம்.

இத்தனைக்கும் காரணமான நபருக்கு வயது மூன்று. அவருக்குப் பள்ளி என்றால் என்னவென்றே தெரியாது.

தலைநகரில் நடப்பது மற்ற நகரங்களுக்கும் அந்நியமானதல்ல. மும்பை, பெங்களூர், சென்னை, ஹைதராபாத் எங்கும் இதன் உள்ளூர்ப் பதிப்பு ஒன்று உண்டு. தில்லியில் அது சட்டம், நீதிமன்றம், அரசாணை என்று பதிவாகியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நூறு பாயிண்ட் ஆட்டம்

பாயிண்ட் முறை வருவதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். பள்ளிகள் குழந்தையை உட்காரவைத்து நிறம் கேட்டன, எண் கேட்டன. பெற்றோரிடம் படிப்பும் சம்பளமும் கேட்டன. நர்சரி சேர்க்கைக்கு நேர்முகமோ தேர்வோ கூடாது என்று பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-லேயே சொல்லியிருந்தது. அந்தக் குழு அமைந்ததற்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டு எழுத்தாளரும் இருக்கிறார். 1989-ல் மாநிலங்களவையில் ஆர்.கே. நாராயண் தன் கன்னிப் பேச்சை அரசியலுக்குச் செலவிடாமல், பிள்ளைகளின் முதுகை வளைக்கும் புத்தகப் பைகளைப் பற்றிப் பேசினார். யஷ்பால் குழு அந்தக் கவலையின் தொடர்ச்சி.

அறிக்கை அலமாரிக்குப் போனது, நேர்முகங்கள் தொடர்ந்தன. தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்த பிறகே அசோக் கங்குலி குழு அமைந்து, நேர்முகத்துக்குப் பதிலாக நூறு பாயிண்ட் கணக்கு வந்தது. வீட்டின் தூரம், அதே பள்ளியில் படிக்கும் அண்ணன் அல்லது அக்கா, அங்கேயே படித்த பெற்றோர் ஆகியவற்றுக்கு மதிப்பெண்கள். 2007-ல் வந்த அரசாணை, அளவுகோல்களை வகுக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் பள்ளிகளிடமே விட்டது. பள்ளிகள் அந்தச் சுதந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தின. பெற்றோர் சைவமா, புகை பிடிப்பவரா, மது அருந்துபவரா என்பதற்கெல்லாம் பாயிண்ட் போட்ட பள்ளிகள் இருந்தன. 2016 ஜனவரியில் இப்படிப்பட்ட 62 அளவுகோல்களைத் தில்லி அரசு ஒரேயடியாக நீக்கியது. பள்ளிகள் நீதிமன்றம் சென்று அவற்றில் 11-க்குத் தடை வாங்கின. அதற்கு முன் 2013 டிசம்பரில் அருகில் வசிப்பவர்களுக்கே 70 பாயிண்ட் என்று துணைநிலை ஆளுநர் வகுத்த விதிகளும் 2014 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் ரத்தாயின. இந்தக் கூத்தை வைத்து 2017-ல் 'ஹிந்தி மீடியம்' என்று ஒரு சினிமாவே வந்து சக்கைப்போடு போட்டது.

சட்டம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். சட்டம் இருக்கிறது, ஆனால் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நன்கொடையையும் சேர்க்கைத் தேர்வையும் தடை செய்கிறது. அது பேசுவது 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றி. நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத ஒதுக்கீட்டைத் தவிர மற்ற நர்சரி இடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2013 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு ஆறு வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அரசு 'முயல வேண்டும்' என்பதோடு நின்றுகொள்கிறது.

ஆக, ஒரு மனிதனின் வாழ்க்கையில் மூளை மிக வேகமாக வளரும் ஆண்டுகளில், அவன் உட்காரும் வகுப்பறையைச் சோதிக்க வலுவான சட்டம் இல்லை. சோதிக்க வேண்டியவர்கள் பெற்றோர்தான். அவர்களோ இடம் கிடைக்குமா என்ற கவலையில் அதை மறந்துவிடுகிறார்கள்.

போனால் போதுமா?

எந்தப் பள்ளியாக இருந்தால் என்ன, மூன்று மணி நேரம் விளையாடிவிட்டு வரப்போகிறது என்று தாத்தாக்கள் சொல்வதுண்டு. அது உண்மையாக இருந்தால் கவலையே இல்லை. பல இடங்களில் விளையாடுவதுதான் நடப்பதில்லை.

அஸ்ஸாம், ராஜஸ்தான், தெலுங்கானா மாநிலங்களில் சுமார் 14,000 குழந்தைகளை நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகமும் அசர் மையமும் சேர்ந்து நடத்தியது. ஐந்து வயதில் பள்ளிக்குத் தயாராக இருக்க வேண்டிய அளவைவிடக் குழந்தைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். அங்கன்வாடிக்குப் போனவர்கள், தனியார் பள்ளிக்குப் போனவர்கள் இருவர் நிலையும் அப்படித்தான். அங்கன்வாடிகளில் கற்பித்தல் குறைவு. தனியார் பள்ளிகளில் முதல் வகுப்புப் பாடத்தையே இழுத்துக் கீழே கொண்டுவந்து எழுத்தும் எண்ணும் திணித்தார்கள். நல்ல ஆயத்தத்தோடு முதல் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பின்னாலும் நன்றாகப் படித்தார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. போனதா இல்லையா என்பதைவிட, போன இடத்தில் என்ன செய்தது என்பதுதான் கணக்கு.

மூன்று வயதுக் கைக்கு எழுதும் வேலை ஏன் ஒவ்வாது என்பதற்கு உடம்பே சாட்சி. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான். ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. விரல்களுக்கு வலு வருவது களிமண் பிசைவதாலும் மணி கோப்பதாலும் காகிதம் கிழிப்பதாலும்தான். அந்த விரல்களில் பென்சிலைச் செருகி நாலு வரி நோட்டில் 'ஏ' எழுதச் சொன்னால் குழந்தை எழுதும். கூடவே எழுத்தை வெறுக்கவும் கற்றுக்கொள்ளும்.

பெயர்ப் பலகையைப் படிப்பது

பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் இரண்டு சொற்கள் அதிகம் தென்படும்: கிண்டர்கார்டன், மாண்டிசோரி. முதலாவது ஜெர்மனியில் ஃபிரடெரிக் ஃபுரோபெல் வைத்த பெயர். 'குழந்தைகள் தோட்டம்' என்று அர்த்தம். இரண்டாவது பெயருக்கு உரிய மரியா மாண்டிசோரிக்குச் சென்னையுடனும் கொடைக்கானலுடனும் நேரடி உறவு உண்டு. 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் பள்ளியைத் திறந்த அவர், 1939-ல் தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் அடையாறு வந்தார். சில மாதங்களில் திரும்ப வேண்டியவர். உலகப் போர் குறுக்கிட்டது. இத்தாலியப் பிரஜை என்பதால் ஆங்கில அரசு அவரை நடமாடவிடாமல் தடுத்தது. 1946 வரை இந்தியாவிலேயே இருந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன.

ஆனால் 'மாண்டிசோரி' என்ற பெயருக்குக் காப்புரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். உண்மையானதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளவர்கள் ஒரே அறையில் இருப்பார்கள். பொருள்கள் குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரியில் இருக்கும். குழந்தை தானே எடுத்து, பாயை விரித்து, வேலையை முடித்து, இருந்த இடத்தில் வைக்கும். ஆசிரியை கரும்பலகை முன் நின்று எல்லோரையும் ஒரே குரலில் கத்தவைத்தால் அது வேறு ஏதோ பள்ளி.

நம் நாட்டு முன்னோடிகளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. குஜராத்தின் பாவ்நகரில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920-ல் பாலமந்திர் தொடங்கினார் கிஜுபாய் பதேகா. அடி, பயம், பரிசு எதுவுமில்லாமல் கதையாலேயே பாடம் நடத்திய அவரை 'மீசை வைத்த அம்மா' என்று ஊர் அழைத்தது. அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945-ல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகும் என்பது அவர் கொள்கை. முற்றத்தைக் குறிக்கும் 'அங்கன்' என்ற சொல்தான் அங்கன்வாடி என்ற பெயரில் இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் தொடங்கிய அரசுத் திட்டம் இன்று சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகளாகப் பரவியிருக்கிறது.

நடுத்தர வர்க்கம் அங்கன்வாடி பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்ப்பதில் தவறில்லை. அக்கறையுள்ள பணியாளரும் நல்ல கட்டடமும் அமைந்த அங்கன்வாடி, மாடிப்படிக்குக் கீழே நடக்கும் 'இன்டர்நேஷனல் பிளே ஸ்கூலை' விட மேலானது. சங்கிலிப் பள்ளிகளிலும் இதே எச்சரிக்கை தேவை. பலகை ஒன்றுதான், ஒவ்வொரு கிளைக்கும் முதலாளி வேறு, ஆசிரியை வேறு. பார்க்க வேண்டியது உங்கள் தெருவில் உள்ள கிளையை.

ஒரு மணி நேரச் சோதனை

பள்ளியைத் தேர்ந்தெடுக்க விளம்பரத் தாள் உதவாது. வகுப்பு நடக்கும் நாளில், காலை பத்து மணிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். விடமாட்டோம் என்றால், பாதுகாப்பைக் காரணம் சொன்னாலும், ஜன்னல் வழியாகவாவது பார்க்க வழியுண்டா என்று கேளுங்கள். எதற்குமே சம்மதிக்காத பள்ளி ஒரு பதிலைச் சொல்லிவிட்டது.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நல்ல நர்சரியில் சந்தைக்கடைச் சத்தமும் இருக்காது, மயான அமைதியும் இருக்காது. குழந்தைகள் பேசிக்கொண்டே வேலை செய்யும் முணுமுணுப்பு இருக்கும். ஆசிரியையின் குரல் மட்டுமே கேட்டால் யோசிக்க வேண்டும்.

அடுத்து சுவர். அச்சகத்தில் வாங்கிய படங்களா, குழந்தைகள் வரைந்தவையா? முப்பது ஆப்பிள்களும் ஒரே சிவப்பில் கோடு தாண்டாமல் இருந்தால், வண்ணம் தீட்டியது ஆசிரியை. பொம்மைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பூட்டிய கண்ணாடி அலமாரியில் பளபளவென்று இருப்பவை பெற்றோருக்கானவை. அழுக்கேறி, மூலை உடைந்து, தரையில் கிடப்பவைதான் குழந்தைகளுக்கானவை.

பிறகு, கூச்சப்படாமல் கழிப்பறைக்குப் போங்கள். தொட்டி குழந்தையின் உயரத்துக்கு இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, தண்ணீர் வருகிறதா, கூடப் போவது யார்? பள்ளியின் நேர்மையை வரவேற்பறை சோபாவைவிடக் கழிப்பறை நன்றாகச் சொல்லும். கழிப்பறை பிடிக்காமல் காலை முழுவதும் அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பல வீடுகளில் உண்டு.

எண்களும் உதவும். மூன்று முதல் ஆறு வயதுக்கு, 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது 2013-ம் ஆண்டின் தேசியத் தர வரையறை. முப்பது பேருக்கு 35 சதுர மீட்டர் அறையும் வெளியே 30 சதுர மீட்டர் விளையாட்டு இடமும் வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம் போதும். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு வகுத்த வழிகாட்டுதல்களும் இதே விகிதத்தைச் சொல்கின்றன. மூன்று வயது நிரம்பாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கின்றன. 2020-ம் ஆண்டின் புத்தகப் பைக் கொள்கைப்படி இந்த வகுப்புகளுக்குப் பையே கூடாது. 'ஸ்மார்ட் கிளாஸ்' என்று பெருமையாகக் காட்டினால், அது தினமும் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேளுங்கள். இரண்டு முதல் ஐந்து வயது வரை நாள் முழுதும் சேர்த்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் ஆலோசனை. வீட்டுத் தொலைக்காட்சியும் பாட்டியின் கைபேசியும் அதில் அடக்கம்.

எண்ணில் அடங்காதது ஒன்று உண்டு. வகுப்பில் எப்படியும் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும். அந்த அழுகை தொடங்கியதும் யார் எழுந்து போகிறார்கள், குனிந்து பேசுகிறார்களா, நின்றபடியே அதட்டுகிறார்களா என்று கவனியுங்கள். உங்கள் பிள்ளைக்கும் அதுதான் நடக்கும்.

தமிழில் தாகமெடுத்தால்

வெளிமாநிலத் தமிழர்களுக்கு இன்னொரு கவலை சேர்ந்துகொள்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ கன்னடமோ மராத்தியோ, பள்ளியில் ஆங்கிலம். குழந்தைக்குக் குழப்பம் வரும், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று அறிவுரை சொல்லும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அதைக் கேட்டு நடக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மொழிகளுக்கிடையே வளர்வதால் குழந்தையின் பேச்சு கெடுவதில்லை. வீட்டு மொழி உறுதியாக இருந்தால் அடுத்த மொழிக்கு அது துணைதான். ஐந்தாம் வகுப்பு வரையாவது முடிந்த இடங்களில் வீட்டு மொழியே பயிற்று மொழியாக இருக்கட்டும் என்பது 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும் தமிழ் கற்க வழி செய்கின்றன. அந்த வசதி இல்லாத ஊர்களே அதிகம்.

அங்கே ஆசிரியைக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தெரியாத மொழியில் பேசும் குழந்தையை அவர் எப்படி நடத்துகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 'உச்சா வருது' என்று நம் பிள்ளை சொல்லும்போது, 'சூ-சூ' என்று மட்டுமே கேட்டுப் பழகிய ஆசிரியைக்குப் புரியாது. நனைந்த டிராயருடன் நிற்கும் குழந்தைக்கு அன்று கிடைப்பது ஆங்கிலப் பாடம் அல்ல, அவமானம். வைத்தியம் எளிது. உச்சா, கக்கா, தண்ணி, பசிக்குது, வலிக்குது, தூக்கம் வருது, பயமா இருக்கு, அம்மா எங்கே போன்ற பத்துப் பன்னிரண்டு சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, எதிரே அர்த்தமும் எழுதி, முதல் நாளே ஆசிரியையிடமும் ஆயாவிடமும் கொடுங்கள். அதை வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஆசிரியை கிடைத்தால் பள்ளியைப் பற்றிய பாதி விசாரணை முடிந்தது.

அவசரம் வேண்டாம்

வயதையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வகுப்புக்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது புதிய கல்விக் கொள்கையின் கணக்கு. கேந்திரிய வித்யாலயங்கள் அதைப் பின்பற்றுகின்றன. 2022 முதல் சிலவற்றில் மூன்று வயதிலிருந்தே 'பால்வாடிகா' வகுப்புகளும் வந்திருக்கின்றன. வயதைக் கணக்கிடும் தேதி தில்லியிலும் கேந்திரிய வித்யாலயங்களிலும் மார்ச் 31. வேறு மாநிலங்களில் அது மாறும். மாற்றல் வரும் வேலையில் இருப்பவர்கள் ஒரு மாநிலத்தில் இரண்டரை வயதில் சேர்த்துவிட்டு, அடுத்த ஊரில் அதே வகுப்பை மறுபடி படிக்கவைக்கும் சங்கடம் இதனால்தான் வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பது சேர்ப்பதற்குக் காரணமாகாது.

தூரமும் அப்படியே. மூன்று மணி நேரப் பள்ளிக்கு ஒன்றரை மணி நேர வேன் பயணம் என்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. பெயர் பெற்ற பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்றால் அதைப் பேரிழப்பாக நினைத்து வீட்டில் பேசாதிருப்பது நல்லது. பட்டியலில் பெயர் வராத செய்தி மூன்று வயதுக் காதுக்கும் எட்டுகிறது. நடந்து போகும் தொலைவில், குறைந்த பிள்ளைகளுடன், பல வருடமாக அதே ஆசிரியைகள் பணிபுரியும் சிறிய பள்ளி ஒன்று பெரும்பாலான பேட்டைகளில் இருக்கிறது. பாயிண்ட் கணக்கில் மூழ்கியவர்கள் கண்ணில் அது படுவதில்லை.

சேர்த்த பிறகும் சோதனை முடிவதில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் அழுவது இயல்பு. அதற்குப் பிறகும் தினமும் காலையில் வயிற்று வலி வந்தால், பேச்சு குறைந்தால், விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்பினால், வீட்டில் பொம்மையை உட்காரவைத்து அடித்து மிரட்டி 'டீச்சர் விளையாட்டு' விளையாடினால் உடனே பள்ளிக்குப் போய் விசாரிக்க வேண்டும். தயங்காமல் பள்ளியை மாற்றவும் வேண்டும். கட்டிய பணம் திரும்பி வராமல் போகலாம். நர்சரியில் ஓர் ஆண்டு வீணானதால் எதிர்காலம் கெட்டவர்கள் யாருமில்லை. பள்ளி என்றாலே பயம் என்று மனதில் பதிந்துவிட்டால் அதைத் துடைக்கத்தான் பல ஆண்டுகள் பிடிக்கும்.

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

* ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஆசிரியை எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்? நர்சரிப் பயிற்சி பெற்றவரா?

* குழந்தைகள் தினமும் எவ்வளவு நேரம் வெளியே விளையாடுகிறார்கள்? பென்சில் எப்போது கையில் கொடுக்கப்படும்? வீட்டுப்பாடம் உண்டா?

* முதல் வாரம் அம்மாவோ அப்பாவோ கூட இருக்கலாமா?

* குழந்தை அடித்தால், கடித்தால், சாப்பிட மறுத்தால் என்ன செய்வீர்கள்?

* வாசலில் குழந்தையை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? அடையாள அட்டை இல்லாமல் வந்தால்?

* ஆயா, காவலர், வேன் ஓட்டுநர் பற்றிக் காவல் துறை சரிபார்ப்பு நடந்திருக்கிறதா? வேனில் ஒரு பெண் உடன் வருவாரா?

* பள்ளி பதிவு பெற்றதா? தீயணைப்புக் கருவியும் இரண்டாவது வாசலும் உண்டா?

* சேர்க்கைக் கட்டணம், மாதக் கட்டணம், புத்தகம், சீருடை, விழாச் செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு? எழுதித் தருவீர்களா? நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

* தில்லியில் விண்ணப்பக் கட்டணம் 25 ரூபாய் மட்டுமே. தகவல் புத்தகத்தை வாங்கியே தீர வேண்டும் என்று எந்தப் பள்ளியும் கட்டாயப்படுத்த முடியாது.